திறமூல மென்பொருளுக்குப் பவுண்டி வைப்பது எப்படி: எல்லையோரக் கடைக்காரர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று பாலக்காட்டு எல்லையில் கடையோ மண்டியோ வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். தமிழில் பேரம் பேசிவிட்டு மலையாளத்தில் பில் கேட்பவரும் வருவார், மலையாளத்தில் பேசிவிட்டுத் தமிழில் பில் கேட்பவரும் வருவார், இரண்டையும் ஒரே கல்லாவில் இருந்து கொடுக்க வேண்டும். லோடு எல்லையைத் தாண்டினால் ஐஜிஎஸ்டி, தாண்டாவிட்டால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். காசு கொடுத்து வாங்கிய பில்லிங் மென்பொருளில் இதையெல்லாம் சரிசெய்யச் சொல்லிக் கேட்டால் அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்பார்கள், ஏனென்றால் இந்த வட்டாரத்துக் கடைகளை எல்லாம் கூட்டினாலும் அவர்கள் கணக்கில் நாம் சின்ன எண்ணிக்கைதான்.

திறமூல மென்பொருளில் அந்தச் சிக்கல் இல்லை. கோட் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றத் தெரிந்தவருக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கும் ஒரு வழி பவுண்டி: இன்ன வேலையை முடித்து மூல மென்பொருளில் சேர்த்துவிட்டால் இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே எல்லார் முன்னாலும் அறிவித்துவிடுவது. தேங்காய் வெட்டுக்கு நாள் கூலி பேசாமல் மரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறோமே, அந்த மாதிரி.

"ஏனுங்க, சும்மா கிடைக்கிற சாப்ட்வேருக்கு எதுக்குங்க காசு?" என்று மண்டியில் யாராவது கேட்பார்கள். பயன்படுத்தத்தான் காசு வேண்டாம், புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லும்போது யாரோ ஒருவருடைய சனி ஞாயிறைக் கேட்கிறோம், அதற்குக் கொடுப்பதுதான் முறை என்று சொல்லிவிடுங்கள். ஒரு முறை சரிசெய்துவிட்டால் பொள்ளாச்சிக்காரருக்கும் உதவும், செங்கோட்டைக்காரருக்கும் உதவும். நம் போட்டிக் கடைக்காரருக்கும் உதவும்தான், அதனால் அவரையும் பங்கு போடச் சொல்லுங்கள்.

எந்த வேலைக்கு வைக்கலாம்

எல்லா வேலைக்கும் பவுண்டி பொருந்தாது. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், முடிந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் ஒரே பதில் வர வேண்டும். "பில்லிங்கை வேகமாக்கு", "பார்க்க அழகாக்கு" என்பதற்கெல்லாம் வைத்தால் கடைசியில் சண்டைதான். மாதாமாதம் செய்ய வேண்டிய பராமரிப்புக்கும் ஒத்துவராது, அதற்கு மாதச் சந்தா மாதிரி ஸ்பான்சர் செய்வதே சரி. பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பணம் என்று பெரிய நிறுவனங்கள் தருவது பக் பவுண்டி, அது வேறு விவகாரம். இங்கே பேசுவது நமக்குத் தேவையான வசதியைச் செய்யவைப்பது பற்றி.

நம் பக்கத்துக்குப் பொருத்தமான உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: தெர்மல் பிரிண்டர். ரோல் பேப்பரில் பில் அடிக்கும் விலை மலிவான பிரிண்டருக்கு ஆங்கில எழுத்தை அனுப்பினால் தன்னிடமிருக்கும் எழுத்துருவில் அடித்துவிடும். தமிழையோ மலையாளத்தையோ அனுப்பினால் கேள்விக்குறியோ குப்பையோ வரும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் நம் எழுத்துகளே கிடையாது. இருந்தாலும் போதாது, "கொ" என்று எழுத ககரத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி வர வேண்டும், மலையாளத்தில் கூட்டெழுத்துகள் வேறு. தீர்வு தெரிந்த ஒன்றுதான்: மென்பொருளே ஹார்ஃப்பஸ் மாதிரியான ஒரு நூலகத்தை வைத்து எழுத்தை ஒழுங்காகக் கோத்து, படமாக மாற்றி, புள்ளி புள்ளியாகப் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் பேப்பருக்கு வழக்கமாக ஒரு வரிக்கு 384 புள்ளி, 80 மில்லிமீட்டருக்கு 576 புள்ளி. பவுண்டிக்கு ஏற்ற வேலை இது. அளவு தெரியும், வழி தெரியும், பில் கையில் வந்ததும் சரியா தப்பா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

முதலில் பராமரிப்பாளரிடம் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பவுண்டி அறிவிக்கிறவர்கள் பெரும்பாலும் கோட் எழுதுகிறவரைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். அந்தக் கோட் வந்த பிறகு அதை வரிவரியாகப் படித்து, ஓட்டிப் பார்த்து, இது வேறு எதையும் உடைக்காதா என்று யோசித்து, திருத்தச் சொல்லி, மறுபடி படித்து, மெர்ஜ் செய்து (மூல மென்பொருளில் சேர்த்து), அதற்குப் பிறகு பல வருடம் அதைத் தூக்கிச் சுமக்கிறவர் இன்னொருவர். அந்தப் பராமரிப்பாளருக்குப் பவுண்டிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. அவரைக் கேட்காமல் நீங்கள் பணத்தை அறிவித்தால், அவருக்கு நீங்கள் சம்பளமில்லாத வேலை ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல நிகழ்ச்சியில் புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் திருத்தம்) அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பது போன்ற வெற்றுத் திருத்தங்கள், திறமூலக் கோட் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் குவிந்து, பராமரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, சம்மதித்த மென்பொருள் திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு டி-ஷர்ட்டுக்கே அப்படி. இணையத்திலிருந்து எதை இறக்கினாலும் அதற்குள் எங்காவது வேலை செய்துகொண்டிருக்கும் கர்ல் என்ற கருவி 2019-லிருந்து பக் பவுண்டி கொடுத்து வந்தது, பணத்துக்காகச் செயற்கை நுண்ணறிவில் எழுதி அனுப்பும் பொய் அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சலித்து 2026 ஜனவரியோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். பணம் என்று சொன்னதும் நல்லவர்களும் வருவார்கள், இவர்களும் வருவார்கள், கதவில் நின்று பிரிக்க வேண்டியவர் பராமரிப்பாளர்தான்.

அதனால் அறிவிப்பதற்கு முன்னால், திட்டத்தின் இஷ்யூ பக்கத்தில் (பிழைகளையும் வேண்டுகோள்களையும் எழுதும் பொதுப் பக்கம்) தேடிப் பாருங்கள், இதே வேண்டுகோள் ஏற்கெனவே அங்கே கிடக்கலாம். இல்லையென்றால் புதிதாக எழுதுங்கள், பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல். நம் பிரச்சினை என்ன, எந்தப் பிரிண்டர், என்ன அனுப்பினால் என்ன வருகிறது என்று போட்டோவோடு. பராமரிப்பாளர் பதில் சொன்னதும் மூன்று விஷயத்தைக் கேட்க வேண்டும்: இந்த வசதி திட்டத்துக்குள் வருவதில் அவருக்குச் சம்மதமா, எந்த வழியில் செய்தால் ஏற்றுக்கொள்வார், இதற்குப் பவுண்டி வைப்பதில் அவருக்கு ஆட்சேபம் உண்டா. சிலர் பவுண்டியே வேண்டாம் என்பார்கள், கூடிச் செய்யும் வேலையைப் போட்டியாக்கிவிடும் என்று. அது நியாயமான கவலை, வற்புறுத்தாதீர்கள். அவரிடமே நேரடியாக ஒப்பந்த வேலையாகச் செய்து தருவீர்களா என்று கேளுங்கள், பல நேரம் அதுதான் எல்லாவற்றிலும் நல்ல முடிவாக இருக்கும், அந்தக் கோட் பற்றி அறிந்தவர் அவர்தானே.

சம்மதம் சொன்னார் என்றால், மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்காவது சரிபார்ப்புக்கு என்று அவருக்கோ திட்டத்தின் பொது நிதிக்கோ ஒதுக்குங்கள். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, என் அபிப்பிராயம். ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அறிவிப்பு எப்படி எழுதுவது

அறிவிப்பு அதே இஷ்யூவுக்குக் கீழே இருக்கட்டும், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில். பிரிண்டர் உதாரணத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன் (இதை ஆங்கிலத்திலும் போடுங்கள், எழுதப்போகிறவர் எங்கிருந்தும் வரலாம்):

"தமிழ், மலையாளம் இரண்டிலும் உள்ள பில்லை 58 மற்றும் 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டரில் படமாக அச்சிடும் வசதிக்கு 40,000 ரூபாய் தருகிறோம். இதில் 30,000 எழுதுபவருக்கு, 10,000 திட்டத்தின் நிதிக்கு. இணைத்திருக்கும் மாதிரி பில் இரண்டும் படத்தில் உள்ளபடியே அச்சாக வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அடிப்பவர்களுக்கு வேகம் குறையக் கூடாது. தானியங்கிச் சோதனைகள் சேர்த்து எழுத வேண்டும். பராமரிப்பாளர் மெர்ஜ் செய்து, அது ஒரு வெளியீட்டில் வந்ததும் 10 நாளுக்குள் பணம். எழுத விரும்புகிறவர் எப்படிச் செய்யப்போகிறார் என்பதை முதலில் இங்கே சொல்லவும், ஒருவருக்கு மட்டும் ஒதுக்குவோம், 3 வாரம் எந்தச் செய்தியும் இல்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுப்போம். கோட் திட்டத்தின் உரிமத்தின் கீழேயே இருக்க வேண்டும்."

இதில் இரண்டு வரியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெர்ஜ் ஆகி வெளியீட்டில் வந்த பிறகுதான் பணம் என்பது ஏன்? தனியாக ஃபோர்க் (மூல மென்பொருளின் தனிப் பிரதி) எடுத்து நமக்கு மட்டும் மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் வருவார், சீக்கிரமாகவும் முடித்துவிடுவார். அடுத்த ஜிஎஸ்டி மாற்றத்துக்கு மூல மென்பொருளில் அப்டேட் வரும்போது நம் ஃபோர்க்கில் அது வராது, அப்போது திரும்ப அவரையே தேடி ஓட வேண்டும். அப்புறம், ஒருவருக்கு மட்டும் ஒதுக்குவது: முதலில் முடிப்பவருக்குப் பணம் என்று விட்டால் நான்கு பேர் ராத்திரி பகலாக எழுதுவார்கள், மூன்று பேருடைய உழைப்பு குப்பைக்குப் போகும், நான்கு பேரும் அவசரத்தில் எழுதியதையெல்லாம் பராமரிப்பாளர் படிக்க வேண்டும். பந்தயம் வைத்து அடுத்தவர் உழைப்பை வீணடிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

வேலை பெரிதாக இருந்தால் ஒரே தொகையாக வைக்காமல் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். நெதர்லாந்தில் என்எல்நெட் என்ற அறக்கட்டளை திறமூலத் திட்டங்களுக்கு இப்படித்தான் தருகிறது, ஒவ்வொரு மைல்கல்லும் முடிந்ததும் அதற்குரிய தொகை. நம் உதாரணத்தில் தமிழ் மட்டும் ஒரு கட்டம், மலையாளம் அடுத்த கட்டம், 80 மில்லிமீட்டர் கடைசி. எழுதுபவருக்கும் கையில் காசு வரும், நமக்கும் பாதியில் நின்றுபோனால் பாதியாவது மிஞ்சும்.

மாதிரி பில்லில் என்ன போடுவது என்பதில் நாம்தான் நிபுணர்கள். சும்மா "வணக்கம்" என்று போட்டு அனுப்பாதீர்கள். கொப்பரை, சௌசௌ, ஸ்ரீ என்று தொடங்கும் கடைப்பெயர், மலையாளச் சில்லெழுத்துகள் (உயிர் சேராத மெய்யெழுத்து வடிவங்கள்) வரும் ஆள் பெயர், ஒரே வரியில் தமிழ், மலையாளம், எண், ரூபாய்க் குறி எல்லாம் கலந்து ஒன்று. "கொ" என்பதன் ஒகரக் குறியை, கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்ரீக்கும் இரண்டு விதம் உண்டு. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008-ல் வந்த யூனிகோட் 5.1-தான் தனிக் குறியீடு கொடுத்தது, அதற்கு முன் தட்டச்சு செய்த பெயர்கள் வேறு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கும், அதனால் வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் கண்ணெதிரே இருக்கும் பெயர் கிடைக்காது. இந்த மாதிரி நுணுக்கங்களை அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் எழுதுபவர் நம்மை மதிப்பார், பின்னால் "இது சொல்லவே இல்லையே" என்ற பேச்சும் வராது.

எவ்வளவு, எப்படித் திரட்டுவது

தொகையை நம் பாக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தெரிந்த ஒரு டெவலப்பரிடம் இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள், அவருடைய நாள் சம்பளத்தால் பெருக்குங்கள். பத்து நாள் வேலைக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தால் அது எழுதுபவரை அவமதிப்பது. கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பி வந்தார், பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள். அது மரியாதைக்காகக் கொடுத்தது. நாம் கேட்பது வேலை, வேலைக்கு வேலையின் விலை.

தனியாக முடியாவிட்டால் சேர்ந்து போடுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பிரச்சினை இருக்கிறது, வியாபாரிகள் சங்கத்தில் ஒரு முறை பேசினாலே இருபது கடை சேர்ந்துவிடும், கடைக்கு 2,000 என்றால் 40,000 ஆயிற்று. யார் எவ்வளவு கொடுத்தார், ஆள் கிடைக்காவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள்.

திரட்டிய பணம் எங்கே இருக்க வேண்டும்? சங்கத்தின் வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தோடு. பவுண்டி நடத்தித் தரும் இணையத்தளங்கள் உண்டு, அல்கோரா மாதிரி. ஆனால் பணத்தை மாதக்கணக்கில் எந்தத் தளத்திலும் தூங்க விடாதீர்கள். பவுண்டிசோர்ஸ் என்று ஒன்று இருந்தது, இந்தத் துறையிலேயே பெயர் பெற்றது. 2017-க்குப் பிறகு கைமாறிக் கைமாறி, 2020-ல் இரண்டு வருடம் யாரும் கோராத பவுண்டிப் பணம் தங்களுக்கே என்று விதி போட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். 2023-ல் வேலையை முடித்தவர்களுக்குப் பணம் தருவதே நின்றுபோனது. அறிவிக்கத் தளத்தைப் பயன்படுத்துங்கள், பணம் நம் கையிலேயே இருக்கட்டும்.

ஆளைத் தேடுவது நம் ஊர்ப் பக்கம் அவ்வளவு கடினம் இல்லை. மலையாளக் கணிமைக்கு 2002-லிருந்து உழைத்து வரும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கம் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, கணியம் அறக்கட்டளை, எஃப்எஸ்எஃப்டிஎன் என்ற திறமூல ஆர்வலர் அமைப்புகள் இருக்கின்றன. கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் மாநில அரசின் கைட் அமைப்பு தரும் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில்தான் கணினி படிக்கிறார்கள், அப்படிப் படித்துவிட்டு இப்போது பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர்களில் ஒருவர் எடுத்தால் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் சின்னப் பையன்தானே என்று தொகையைக் குறைக்காதீர்கள்.

பணத்தை அனுப்புவது

எழுதுபவர் இந்தியாவில் இருந்தால் சுலபம்: ஒரு இன்வாய்ஸ் வாங்கிக்கொண்டு யுபிஐயிலோ வங்கி வழியாகவோ அனுப்பிவிடலாம். பேபால் வேண்டாம், இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை அவர்கள் 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்தால் நம் வங்கிக் கிளை வழியாக அனுப்பலாம், எதற்காக அனுப்புகிறோம் என்ற படிவமும் நோக்கக் குறியீடும் கேட்பார்கள், அறிவிப்பின் பிரதியும் இன்வாய்ஸும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை வெளிநாட்டவரிடம் சேவை வாங்கினால் வரியை நாமே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் விதி இருக்கிறது, டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்பதும் யார் பெயரில் பணம் போகிறது, எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது. அறிவிப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முடித்த பிறகு "வரி போக இவ்வளவுதான்" என்று எழுதுபவரிடம் சொல்வது தப்பு.

சொன்ன தேதிக்குள் கொடுங்கள், கொடுத்ததை இஷ்யூவிலேயே எழுதுங்கள். இந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் பேச்சு மாறாமல் கொடுத்தார்கள் என்று நான்கு பேர் பார்த்தால், அடுத்த பவுண்டிக்கு நல்ல ஆட்கள் தானாக வருவார்கள்.

யாரும் எடுக்கவில்லை என்றால்? ஓரிரு மாதம் பாருங்கள். பெரும்பாலும் தொகை குறைவாக இருக்கும், இல்லையென்றால் வேலை தெளிவில்லாமல் இருக்கும். பராமரிப்பாளரிடமே கேளுங்கள், எது என்று சொல்லிவிடுவார். வேலை நம் சக்திக்கு மீறியது என்று தெரிந்தால், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-ல் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட், அல்லது ஃபாஸ் யுனைடெட் என்ற திறமூல அமைப்பு மாதிரி இடங்களில் நிதி கேட்டு விண்ணப்பிக்கும்படி திட்டத்துக்காரர்களிடம் சொல்லுங்கள், நம் கடைகளின் பெயரில் ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று, இது பணத்தைவிடப் பல நேரம் அதிகம் உதவும். எழுதுபவரிடமும் பராமரிப்பாளரிடமும் நம் கடையில் இருக்கும் அதே மாடல் பிரிண்டர் இருக்காது. ஒரு பிரிண்டரும் நான்கு ரோல் பேப்பரும் வாங்கிக் கூரியரில் அனுப்பிவிடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள். அடுத்த வருடம் வேறு யாரோ எதையோ மாற்றி நம் "கொ" மறுபடி உடைந்தால், அதைப் பார்க்கப் பராமரிப்பாளர் மேசையில் அந்த பிரிண்டர் இருக்க வேண்டும்.